குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆவணக் காப்பகம் போனால்

என் அப்பா வழியில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலோடு சரி. அம்மா வழியில் உண்டு. அம்மா பிறந்தது புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற வீடு. அங்கே எல்லார் பெயருக்கும் பின்னால் ஒரே பெயர் நான்கைந்து தலைமுறையாக ஒட்டிக்கொண்டு வருகிறது. பிரான்சில் இருக்கும் மாமா மகன் ஒருநாள் போனில், "அக்கா, நம்ம பேர்ல பழைய போட்டோ, லெட்டர் எல்லாம் ஆர்க்கைவ்ஸ்ல இருக்குமாம். நீ அங்கதான இருக்க, கொஞ்சம் தேடிப் பாரேன்" என்றான். கணினியில் பெயரைத் தட்டினால் எல்லாம் கொட்டும் என்று நினைத்திருப்பான் போல.

கொட்டாது. ஆனால் கிடைக்கும். எப்படிக் கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறேன். எங்கள் பெயரை மட்டும் இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரோடு இங்கும் அங்கும் நிறையப் பேர் வாழ்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை.

முதலில் இந்தக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. அதன்படி பிரெஞ்சிந்தியாவில் இருந்த ஓர் இந்தியர், சாதி, மத வழக்கத்தை ஒட்டிய தன் தனிச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போகலாம். இப்படித் துறந்தவர்களைத்தான் புதுச்சேரியில் 'ரெனோன்சான்' என்கிறோம். துறக்கிறவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். இந்த இயக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-இல் ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார் என்று தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்கைக் கொண்டு போனவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். சிலர் அவரைப் போல பிரெஞ்சுச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டார்கள். சிலர் அப்பாவின் தமிழ்ப் பெயரை பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் எழுதி அதையே நிலைக்க வைத்தார்கள். எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது.

தேடுகிறவருக்கு இதில் மூன்று சங்கதி இருக்கிறது. ஒன்று, 1881-க்கு முன்னால் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை, அப்போது அது யாரோ ஒருவருடைய சொந்தப் பெயர். இரண்டாவது, அண்ணன் துறந்திருப்பார், தம்பி துறந்திருக்க மாட்டார். இருவரும் தனித்தனியே துறந்து வேறு வேறு பெயர் எடுத்ததும் உண்டு. எங்கள் கொள்ளுத் தாத்தாவின் சித்தப்பா வழி இன்றும் முதலியார்பேட்டையில் இனிஷியலோடுதான் இருக்கிறது. மூன்றாவது, அதே பெயர் இருக்கிறவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் இல்லை. அப்பா பெயர் முத்து என்று எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

அதனால் பெயரை ஒரு நுனியாக மட்டும் வைத்துக்கொண்டு ஊர், தெரு, தொழில், சாட்சிக்காரர், பெண் எடுத்த வீடு என்று சுற்றிப் போனால்தான் ஏதாவது அகப்படும். என் அனுபவத்தில் பெயரைவிட சாட்சிக்காரர்கள் அதிகம் உதவினார்கள்.

எழுத்துக்கூட்டு ஒரு தனித் தொல்லை. பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்ததை பிரெஞ்சு முறையில் எழுதியிருப்பார். உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்து. சாமி என்று முடியும் பெயர்களில் இரட்டை எஸ் வரும், ஒற்றை எஸ் போட்டால் பிரெஞ்சுக்காரர் அதை 'ஜாமி' மாதிரிப் படித்துவிடுவார். லட்சுமி 'லச்சுமி' ஆகி டி, சி, எச் வரிசையோடு நிற்பாள். ழகரம் ஆளுக்கு ஒரு மாதிரி. ஊர்களும் அப்படித்தான்: உழவர்கரை 'ஊல்கரே', வில்லியனூர் 'வில்லெனூர்', அரியாங்குப்பம் 'அரியான்கூப்போம்', காரைக்காலில் கோட்டுச்சேரி 'கொச்சேரி'. நான் செய்தது சின்ன வேலைதான். ஒரு நோட்டில் எங்கள் பெயரைத் தமிழில் எழுதி, அதைச் சத்தமாகச் சொல்லி, பிரெஞ்சு படித்த ஓர் ஆசிரியையை அவர் காதுக்குப் பட்டபடி எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாக எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. பிற்பாடு கிடைத்த பதிவுகளில் பாதி அந்தப் பக்கத்தில் இருந்த எழுத்துக்கூட்டுகளில்தான் இருந்தன.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வீட்டில் சின்னப்பன் என்றால் கோயில் பதிவேட்டில் பவுல். ராயப்பன் என்றால் பேதுரு, பிரெஞ்சில் பியேர். அருளப்பன் ஜான், சூசை ஜோசப், சவரி சேவியர். ஞானஸ்நானப் பதிவேடு லத்தீனில் இருந்தால் இந்தப் பெயர்கள் 'உஸ்' விகுதியோடு வரும், 'இன்னாரின் மகன்' என்ற இடத்தில் விகுதி மாறிவிடும். வீட்டில் எல்லாரும் கும்பிட்டுப் பேசிய 'சின்னப்பத் தாத்தா' பதிவேட்டில் இல்லவே இல்லை என்று பெரியம்மா அடித்துச் சொன்னார். பவுல் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தார்.

சரி, எங்கே தேடுவது?

முதலில் வீடு. இதை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் எந்த வீடு என்று சொல்ல மாட்டார்கள். கடிதம் எழுதியவர் வீட்டில் கடிதம் இருக்காது, அது வாங்கியவர் வீட்டில் இருக்கும். எங்கள் தாத்தா சைகோனில் வேலை பார்த்தார். பிரெஞ்சு இந்தோசீனாவில் சுங்கம், போலீஸ், வரி வசூல், பட்டாளம் என்று புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் ஏராளமாக இருந்தார்கள். ஐம்பதுகளில் தாத்தா திரும்பி வந்தபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் இருந்தவை எல்லாம் இங்கிருந்து அவருக்குப் போன கடிதங்கள். அவர் எழுதியவை அவருடைய அக்கா வீட்டில், அதாவது அக்கா வாழ்க்கைப்பட்ட கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில். அங்கே குடும்பப் பெயரே வேறு. எங்கள் பெயரை வைத்துத் தேடியிருந்தால் அந்த வீட்டு வாசலுக்கே போயிருக்க மாட்டேன். படங்களும் அப்படித்தான். பட்டாளத்துக்காரர் படம் எடுத்து யாருக்கு அனுப்புவார்? அம்மாவுக்கும் அக்காவுக்கும். ஆகவே பெண்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகளை ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

மஞ்சக்குப்பத்து வீட்டில் பாதிதான் மிஞ்சியிருந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது அந்த வீட்டின் ஓடு பறந்துவிட்டது. பரண் மேல் இருந்த ஒரு பெட்டி முழுக்க நனைந்து பாளமாக ஒட்டிப்போனதை அவர்கள் வேறு வழியில்லாமல் எரித்திருக்கிறார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: நனைந்த படங்களை வெயிலில் போடாதீர்கள், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தால் நிழலில் வெள்ளைத் துணி மேல் படம் மேலே தெரிய உலர விடலாம். உடனே செய்ய முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்வதுதான் வழி.

தப்பிய பெட்டியில் ஒரு கடிதம். மேலே பிள்ளையார் சுழி இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அதற்குக் கீழே 'தாது ௵ ஆடி ௴ 20 ௳'. கிறிஸ்தவ வீடானாலும் தேதி தமிழ்க் கணக்கில்தான். தமிழ் ஆண்டு அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் தாது என்றால் பஞ்சம் வந்த 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். உறை இல்லை. தபால்தலை சேர்க்கிற யாரோ முன்பே உறையைக் கொண்டுபோயிருந்தார்கள். முத்திரை இருந்திருந்தால் வேலை சுலபம். உள்ளே வழக்கமான க்ஷேம விசாரிப்பு, கொல்லையில் மாமரம் காய்த்தது, பிறகு 'மில்லில் சுட்டதில் நம் தெருவில் ஒரே அழுகை' என்று ஒரு வரி. புதுச்சேரிக்காரருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். 1936 ஜூலை 30-இல் ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள், இன்றும் அந்த நாளைத் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறோம். ஆடி 20 என்றால் ஆகஸ்ட் 4-ஐ ஒட்டி வரும். சம்பவம் நடந்து ஒரு வாரத்துக்குள் எழுதியது. எழுதியது தாத்தாவின் இன்னொரு சகோதரி, முத்தியால்பேட்டையில் இருந்தவர். கடிதத்தை எடுத்ததும் முதலில் இப்படி ஊர்ச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சம், புயல், யுத்தம், திருவிழா, தேர்தல் எதுவானாலும் ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி காப்பகம். ஆட்சி கைமாறியபோது பிரெஞ்சிந்தியாவின் காகிதமும் இரண்டாகப் பிரிந்தது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். ஒரு பகுதி ஆவணம் பிரான்சுக்குப் போனது, ஒரு பகுதி இங்கேயே நின்றது. போனது பெரும்பாலும் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பிரதேசங்களுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சுருக்கமாக 'அனோம்' என்பார்கள். பழைய எத்தா சிவில் பதிவேடுகளை, அதாவது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை, அவர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் நம் பதிவேடுகளில் பெயரைத் தட்டித் தேட முடியாது. பிரதேசம், ஊர், ஆண்டு என்று தேர்ந்தெடுத்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஐரோப்பியர், இந்தியர் என்று தனித்தனிப் பதிவேடு வைத்திருந்த காலமும் உண்டு, ஒன்றில் இல்லையென்றால் மற்றதையும் பார்த்துவிட வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட்ட பெயர் அட்டவணை இருந்தால் அதிலிருந்து தொடங்குவது லாபம்.

பிரெஞ்சு தெரியாதே என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பதிவும் ஒரே அச்சில் வார்த்தது. முதலில் ஆண்டும் தேதியும், எண்ணில் இல்லாமல் சொல்லில் எழுதியிருப்பார்கள். பிறகு யார் முன்னிலையில், யார் வந்து சொன்னது, வயது, தொழில், எந்த ஊர்வாசி, அப்பா பெயர், அம்மா பெயர், சாட்சிகள், கையெழுத்துகள். 'மகன்', 'மகள்', 'வயது', 'வசிப்பது', 'சாட்சி', 'கையெழுத்திடத் தெரியாது' என்று இருபது இருபத்தைந்து சொல்லைப் பழகிக்கொண்டால் போதும். மார்ஜினையும் விடாமல் பாருங்கள். பிற்பாடு நடந்த திருமணம், பெயர்த் திருத்தம் போன்றவை ஓரத்தில் பொடியெழுத்தில் ஏறியிருக்கும்.

அப்படிப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு திருமணப் பதிவின் அடியில் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். மேலே முழுக்க சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்து, கீழே மூன்று பிரெஞ்சுக் கையொப்பங்கள், நான்காவது தமிழில். புள்ளி வைக்காத பழைய எழுத்து. கடைசி எழுத்தின் வாலை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் முழுக்க அடிக்கோடு மாதிரி ஓட்டி, முடிவில் இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வீட்டில் இருந்த ஒரு படத்தின் பின்பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். பென்சிலில் 'அக்காளுக்கு' என்று எழுதி, கீழே அதே வால், அதே இரண்டு புள்ளி.

அதுவரை அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று வீட்டில் இரண்டு கட்சி. கொள்ளுத் தாத்தா என்று அம்மா. இல்லை, அவருடைய மைத்துனர் என்று பெரியம்மா. பதிவில் கையெழுத்துக்கு மேலே சாட்சியின் பெயர், வயது, தொழில், மணமகனுக்கு என்ன உறவு என்பது வரை இருந்தது. அம்மா கட்சி ஜெயித்தது. "அவங்க அப்படித்தான் எழுதி வச்சிருப்பாங்க" என்று பெரியம்மா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

படத்தையும் கொஞ்சம் பேசவைத்தோம். கெட்டி அட்டையில் ஒட்டிய படம், அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயரும் 'சைகோன், ரூ கத்தினா' என்ற தெருப் பெயரும் பொன்னெழுத்தில். இந்த மாதிரி அட்டைப் படங்களில் கைக்கு அடக்கமான சின்னதும், கிட்டத்தட்ட 11-க்கு 16 சென்டிமீட்டர் இருக்கும் பெரியதும் உண்டு. அளவும் அட்டை நிறமும் ஓரத்து வேலைப்பாடும் காலத்தைக் குறுக்க உதவும். 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது சட்டைக் கழுத்துப்பட்டையில் '11' என்ற எண் தெரிந்தது. சைகோனில் 11-ஆவது காலனியக் காலாட்படை இருந்தது. அந்தப் படைக்கு 'காலனிய' என்ற பெயர் வந்ததே 1901-இல்தான். அந்த ஒரு எண்ணிலிருந்து அவர் எந்தப் படை, எந்த ஊர் என்று பிடித்து, பிரெஞ்சு ராணுவ ஆவணங்களின் பக்கம் போக வழி கிடைத்தது. ஸ்கேன் செய்கிறவர்கள் பின்பக்கத்தையும் அட்டை ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள். முகத்தை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் அனுப்புவதால் எதுவும் தெரியாது. பின்னால் குறிப்பு எழுதுவதானால் மெல்லிய பென்சிலில், பேனா வேண்டாம். லேமினேஷன் கடைக்குக் கொண்டு போவது படத்துக்குக் கொள்ளி வைப்பதற்குச் சமம்.

முதல் உலக யுத்தத்தில் இறந்தவர் குடும்பத்தில் இருந்தால், பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெஸோம்' தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். இறந்த வீரருக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் பிறந்த தேதி, ஊர், படைப்பிரிவு, இறந்த இடம் எல்லாம் இருக்கும். கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தை நாம் ஜூலை 14-க்கு விளக்குப் பார்க்கத்தான் போகிறோம். பெயர் தெரிந்தவர்களுக்கு அந்த அட்டைகள் வேறு மாதிரி.

பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளம் எனக்கு மிகவும் பிடித்த இடம். பிரெஞ்சிந்தியாவின் பழைய ஆண்டுக் கையேடுகளை அங்கே பார்க்கலாம். எந்த அலுவலகத்தில் யார் எழுத்தர், யார் ஆசிரியர், யார் நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிப் பதிகிறவர், என்று ஆண்டுவாரியாக அச்சிட்டிருப்பார்கள். இங்கே பெயரைத் தட்டித் தேடலாம். ஆனால் இயந்திரம் அச்செழுத்தைப் படிக்கும்போது தடுமாறும். அந்த நோட்டுப் பக்கத்தில் இருந்த எல்லா எழுத்துக்கூட்டையும் போட்டுப் பார்த்ததில் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தது தெரிந்தது. வீட்டில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால் எல்லாரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

படங்களை மட்டும் தேடினால் குடும்பப் பெயர் கிட்டத்தட்ட உதவாது என்றே சொல்வேன். காப்பகங்கள் படத்தை ஊர், நிகழ்ச்சி, எடுத்தவர், கொடுத்தவர் என்றுதான் அடுக்குகின்றன. படத்தில் நிற்கிறவர் பெயர் அட்டவணையில் ஏறியிருப்பது அபூர்வம். 'பொந்திஷேரி', 'பள்ளி', 'சிப்பாய்', 'ஊர்வலம்' என்று தேடிப் பாருங்கள். பழைய அஞ்சலட்டைகளையும் விட வேண்டாம். முன்னால் கலங்கரை விளக்கமும் பாலமும் இருக்கும், பின்னால் யாராவது யாருக்கோ நாலு வரி எழுதியிருப்பார்கள். டெல்காம்ப் போன்ற விற்பனைத் தளங்களில் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுகிறார்கள், வாங்காமலே படித்துவிடலாம்.

உள்ளூரில், தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிப் பிரிவு லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இருக்கிறது. அடையாள அட்டையோடு போய், என்ன தேடுகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போவதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் அட்டவணையைத் துழாவிவிட்டுப் போனால் கோப்பு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். 'எங்க தாத்தா பத்தி ஏதாவது இருக்கா' என்று கேட்டால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் பார்க்கலாம். 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு என்றதும் எல்லாருக்கும் கோயில் படங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் அவர்கள் தேடிச் சேகரித்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் கீழ் நடந்த வேலை அது, இணையத்திலும் பார்க்கலாம். நம் தாத்தா அதில் இருப்பார் என்று போகாதீர்கள். பின்திரை, நாற்காலி, பூந்தொட்டி, புடவைக் கட்டு இவற்றை நம் வீட்டுப் படத்தோடு ஒப்பிட்டால் எந்தக் காலம் என்று ஓர் அடையாளம் கிடைக்கும். எங்கள் வீட்டில் இரண்டு படங்களுக்கு அப்படித்தான் காலம் குறித்தோம்.

கடலூர்ப் பக்கம் கதையே வேறு. பிரெஞ்சு எல்லையைத் தாண்டினால் எத்தா சிவில் கிடையாது. பாகூரில் பிறந்தவருக்குப் பதிவு இருக்கும், கூப்பிடு தூரத்தில் கடலூர்ப் பக்கம் பிறந்த அவர் மனைவிக்கு இருக்காது. அரசாங்க ஆவணம் என்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். அங்கே தென்னார்க்காடு மாவட்டம் என்று தேட வேண்டும், கடலூர் தனி மாவட்டம் ஆனது 1993-இல்தான். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய வழி இருந்தால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகள் இருக்கின்றன. நமக்கெல்லாம் கைகொடுத்தது சொத்துப் பத்திரம்தான். பழைய கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவரின் அப்பா பெயர், ஊர், தொழில், நான்கு எல்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு தெருவே வந்துவிடும். அப்புறம் கோயில். அரசாங்க எல்லை இரண்டாகப் பிரித்த ஊர்களுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரே மறைமாவட்டம், புதுவை–கடலூர் என்றே பெயர். கொள்ளுப் பாட்டியின் ஞானஸ்நானப் பதிவு கடலூர்ப் பங்கில் கிடைத்தது. பங்குத் தந்தையிடம் ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் நிற்காமல், வாரநாளில் ஆண்டும் பெயரும் எழுதிய சீட்டோடு போனால் பொறுமையாகப் பார்த்துச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் குருக்களில் பலர் பாரிஸ் வேதபோதக சபைக்காரர்கள். அந்தச் சபையின் காப்பகம் பாரிசில் இருக்கிறது, குருக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இணையத்தில் தருகிறார்கள். குருவின் கடிதத்தில் ஊர்க்காரர் பெயர் வர வாய்ப்பு உண்டு.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய பதிவுகள் பலவற்றில் சாதியும் எழுதியிருக்கும். வீட்டில் காலங்காலமாகச் சொல்லி வந்த கதைக்கும் அதற்கும் ஒத்துவராமல் போகலாம். எங்களுக்கும் ஒரு பதிவில் அப்படி வந்தது. அதைக் குடும்பக் குழுவில் போடலாமா வேண்டாமா என்று மாமா மகனோடு பெரிய விவாதம். நான் போட்டுவிட்டேன். ரெனோன்சான் ஆனவர்கள் எதைத் துறந்துவிட்டு வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவர்கள் பெயரை மட்டும் பெருமையாகப் போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு சித்தப்பா குழுவை விட்டு வெளியேறினார். பொங்கலுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

ரெயூனியன், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து இங்கே வேர் தேடி வருகிறவர்களையும் இந்த வழியில் சந்தித்தேன். 1854 டிசம்பரில் 'ஒரேலி' கப்பல் குவாதலூப்பில் இறக்கிய கூலித் தொழிலாளர்களின் வழிவந்தவர்களுக்கு, போனவரின் ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அங்கே இந்தியர்களின் குடியுரிமைக்காக நெடுங்காலம் போராடியவர் பெயர் ஹென்றி சிதாம்பரோம், நம் சிதம்பரம்தான். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, போனவரின் பதிவேட்டு எண்ணும் கப்பல் பெயரும் கிடைத்ததா என்றுதான். அது இல்லாமல் 'ராமசாமி' என்று ஒருவரைத் தமிழ்நாட்டில் தேட முடியாது.

நூறு ஆண்டுக்குள் இருக்கும் பதிவுகள் அனோமில் வராது. அவற்றுக்கு நாந்த் நகரில் உள்ள எத்தா சிவில் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பிரெஞ்சுக் காகிதம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நாந்த் என்றால் சொல்லவே வேண்டாம். அங்கேயோ வேறு காப்பகத்துக்கோ எழுதும்போது குடும்ப வரலாறு முழுவதையும் எழுதாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். ஒருவரைப் பற்றி மட்டும் கேளுங்கள். அவர் பெயர், எழுத்துக்கூட்டு வேறுபாடுகள், அப்பா அம்மா பெயர், ஊர், தோராயமான ஆண்டு, ஏற்கெனவே எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கம் வரை பார்த்தாகிவிட்டது, என்ன வேண்டும், பதிவின் நகலா படமா, இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பதில் வர மாதக்கணக்கு ஆகலாம். அதற்குள் பெரியம்மாவைப் போன்றவர்களை உட்காரவைத்து, ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே பேசச் சொல்லி, போனில் பதிவு செய்துவிடுங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னும் இரண்டு ஆல்பம் பாக்கி இருக்கிறது.